தாகே உருண்டை

சத்தத்தை அடக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தொழிற்சாலை, ஒரே பிரிவு. காரின் பின் ஆக்ஸிலும், முன்னாலிருந்து அதைச் சுழற்றுகிற நீளமான ஷாஃப்டும் போடுகிற கூச்சல் உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு எட்டக்கூடாது, அவ்வளவுதான் வேலை. பிள்ளையைத் தாலாட்டித் தூங்கவைக்கிற மாதிரி ஒரு வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்துகிற வேலை என்று புரிவதற்கு என் தங்கை சாக வேண்டியிருந்தது.

எண்பத்திரண்டாம் வருஷ மாடலில் ஒரு குறை. எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஊளை கிளம்பும். ஆக்ஸிலுக்குள் கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றுகிற பினியன் என்று ஒரு சின்னது. இரண்டும் பல்லோடு பல் சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படித்தான் கத்தும். பல் வெட்டுகிற எங்கள் இயந்திரம் கிழடு. புதிதாக ஒன்று வாங்கு என்று கேட்டதற்கு எங்கள் பிரிவுத் தலைவன் ஸ்டூரே கையை விரித்தான்.

"பல்லையெல்லாம் இப்ப மாத்த முடியாது தாகே. நீ ஊளைய மட்டும் நிறுத்து, போதும்."

நிறுத்தினேன். மூன்று காரியம் செய்தேன். ஆக்ஸிலைக் காரின் உடம்போடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களை இன்னும் மெத்தென்று ஆக்கினேன். ஷாஃப்டின் குழாய்க்குள் சுருட்டிய அட்டையைத் திணித்தேன். குழாய் மணி மாதிரி ஒலிப்பது நின்றது. மூன்றாவதாக ஆக்ஸிலின் மூக்கில், ரப்பரில் பொதிந்த மூன்று கிலோ இரும்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆக்ஸில் ஒரு பக்கம் அதிர்ந்தால் கட்டி மறுபக்கம் அதிர்ந்து அதைத் தின்றுவிடும். பார்க்க இறைச்சி உருண்டை போல இருந்ததால் பட்டறையில் அதற்கு 'தாகே உருண்டை' என்று பேர் வைத்தார்கள். நான்கு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த கார் எட்டு வாங்கியது. ஸ்டூரே பச்சை நிறப் பாதாம் மாவு போர்த்திய கேக் வாங்கிவந்தான். அதன் மேல் ஒரு இறைச்சி உருண்டையை நிஜமாகவே குத்திவைத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதிப்பெண் போடுகிற முறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காரில் ஐந்து பேர் ஏறுவோம். ஓடும்போது யாரும் பேசக்கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக்கூடாது. இறங்கியதும் ஆளுக்கொரு அட்டையில் பத்துக்கு எத்தனை என்று எழுதி பானட்டின் மேல் கவிழ்த்துவைத்து, ஒரே நேரத்தில் திருப்புவோம். ஆறும் அதற்கு மேலும் என்றால் சாதாரண ஆளுக்குச் சத்தம் தெரியாது. ஐந்தும் அதற்குக் கீழும் என்றால் காது உள்ள எவனும் கவனிப்பான். ஒருமுறை எங்கள் டிரைவர் ஃபோல்கே பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து ஒரு நல்ல காருக்கு இரண்டு போட்டான். சராசரி சரிந்து இரண்டு நாள் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஐந்து அட்டையில் மிகப் பெரியது ஒன்றையும் மிகச் சிறியது ஒன்றையும் அடித்துவிடுவது, மிச்சம் மூன்றுக்குச் சராசரி எடுப்பது. கோபக்காரனும் வேண்டாம், ஜால்ரா போடுகிறவனும் வேண்டாம். அந்த விதியின் அடியில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

என் தங்கை ஹில்லெவி தொழிற்சாலை ஆட்களின் வீட்டாருக்குக் கிடைக்கிற சலுகையில் அந்தக் காரை வாங்கினாள். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, இது ஓடுதா நிக்குதான்னே தெரியல! இதே மாதிரி எஸ்கில் குறட்டைக்கும் ஒரு உருண்டை மாட்டிக் குடேன்."

"மாட்டலாம் மச்சான்," என்றான் அவள் புருஷன் எஸ்கில். "ஆனா இவ வாய்க்கு ஒண்ணு மாட்டினப்புறந்தான்."

எஸ்கில் மரஅறுவை ஆலையில் வேலை பார்த்தான். நல்லவன், ஆனால் எதையும் நாளை என்று தள்ளுகிறவன். வீட்டுக் கூரையின் மழைத்தண்ணீர்க் குழாய் இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஹில்லெவி அதற்கு அடியில் ஒரு வாளியை வைத்து, அந்த வாளிக்கே 'எஸ்கில்' என்று பேர் வைத்திருந்தாள்.

இரண்டாவது குளிர்காலம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கார்ல்ஸ்டாட் நகரத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் அன்னேலியைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எஸ்கில் ஓட்டினான், அன்னேலி கொடுத்துவிட்ட க்ரீம் பன்கள் ஹில்லெவியின் மடியில் இருந்தன. ஏரிக்கரைச் சாலையில் பினியனைத் தாங்குகிற பேரிங் உடைந்து இறுகியது. பின்சக்கரங்கள் இரண்டும் அப்படியே பூட்டிக்கொண்டன. கீழே பனிக்கட்டி. கார் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போய், எதிரே மரம் ஏற்றிவந்த லாரியில் ஹில்லெவி உட்கார்ந்திருந்த பக்கமாக மோதியது. எஸ்கிலுக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. ஹில்லெவி அங்கேயே போய்விட்டாள்.

போலீசின் நிபுணர் ஆக்ஸிலைத் திறந்து பார்த்தார். சூட்டில் நீலம் பாரித்த பேரிங் துண்டுகள். இந்த மாதிரி பேரிங் ஒரே நாளில் உடையாது, குறைந்தது ஒரு மாதமாவது உறுமிக்கொண்டிருந்திருக்கும் என்று எழுதினார். சத்தம் கேட்டும் பழுது பார்க்காமல் ஓட்டி ஒரு உயிர் போகக் காரணமானான் என்று எஸ்கில் மேல் விசாரணை வந்தது. அவன் சொன்னது ஒரே பதில்.

"எனக்குச் சத்தமே கேக்கல."

அறுவை ஆலைக்காரன், காது மந்தமாக இருக்கும் என்று சோதித்தார்கள். வேலையில் எப்போதும் காதுமூடி மாட்டுகிறவன், காது பழுதில்லாமல் இருந்தது. அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. செவிடன் என்றாலாவது தப்பித்திருப்பான்.

அன்னேலி நம்பவில்லை. அடக்கம் முடிந்து தேவாலயத்து வாசலில் நின்றபோது எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஒரு மாசம் கத்தியிருக்குப்பா. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டீங்க, அப்படித்தானே?"

"சத்தியமா கேக்கலம்மா."

"தயவுசெஞ்சு பொய் சொல்லாதீங்க. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

அவள் கார்ல்ஸ்டாடுக்குப் போனாள். அவன் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தப் பேரிங் வாய் திறந்து கத்தித்தான் இருக்கிறது. அதன் கத்தலைத் தின்றது என் உருண்டை, என் ரப்பர், என் அட்டை.

மார்ச் மாதக் கடைசியில் போலீசிலிருந்து தொழிற்சாலைக்குக் கடிதம் வந்தது. இந்த நிலையில் இருக்கும் பேரிங்கோடு ஓடுகிற காரில் சாதாரண ஓட்டுநருக்குச் சத்தம் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா? அவர்களுக்கு வேண்டியது இதற்கு மட்டும் பதில். ஸ்டூரே மதிப்பெண் ஓட்டம் வைக்கலாம் என்றான்.

திரும்பி வந்த சாமான்கள் வைக்கும் அலமாரியில் ஒரு டாக்ஸியின் ஆக்ஸில் கிடந்தது. அதே மாடல், அதே பேரிங், உடைவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்தைய நிலை. எண்ணெய் ஒழுகுகிறது என்று கொண்டுவந்து போட்டிருந்தார் டாக்ஸிக்காரர். சத்தம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன்.

மெக்கானிக் ஸிக்ஸ்டெனும் நானும் அதைச் சோதனைக் காரில் மாட்டினோம். முதலில் என் சாமான் மூன்றையும் கழற்றிவிட்டு, பழைய புஷ், வெறும் ஷாஃப்டோடு ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். வாசலைத் தாண்டுவதற்குள் கார் உறும ஆரம்பித்தது. எண்பதில் அலறியது.

"யப்பா, செத்தவனக்கூட எழுப்பிடும்போல இருக்கே," என்றான் ஸிக்ஸ்டென். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "மன்னிச்சிருப்பா" என்று முணுமுணுத்தான்.

மத்தியானம் மூன்றையும் திரும்ப மாட்டி ஓட்டினோம். எண்பது, தொண்ணூறு, நூற்றுப்பத்து. டயர் ஈரத்தில் உரசுகிற சத்தம், காற்று, கடிகாரம். வேறு ஒன்றும் இல்லை. என் வாழ்நாளிலேயே நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான். சாலையோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு அழுதேன். ஸிக்ஸ்டென் இறங்கிப் போய் டயரை உதைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் ஸ்டூரே என் அறைக்கு வந்தான்.

"நீ ஏற வேணாம் தாகே. வேற ஆளப் போட்டுக்கறேன். உன் தங்கச்சி விஷயம் இது."

"அதனாலதான் ஏறணும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "சரி. அட்டையில என்ன வேணா எழுது. உன் இஷ்டம்," என்றான். அப்படி அவன் சொன்னது எனக்கு அன்றைக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மடையன் நான்.

ஓட்டம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. ஃபோல்கே ஓட்டினான், பக்கத்தில் ஸ்டூரே. பின்னால் நடுவில் நான், ஒரு பக்கம் அளவுக்கருவிகளைப் பார்க்கிற பெண் கெர்ட், மறுபக்கம் எங்களில் மூத்தவரான அல்வார். சாலையோரப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. வழக்கப்படி யாரும் பேசவில்லை. ஃபோல்கே எண்பதில் பிடித்தான், தொண்ணூறில் பிடித்தான், ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தான். ஒரு ஈ பறந்திருந்தால் கேட்டிருக்கும். எங்கள் காலுக்கு அடியில் ஒரு பேரிங் செத்துக்கொண்டிருந்தது, எங்களுக்கு அல்வாரின் மூச்சுதான் கேட்டது. கெர்ட் தன் கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டே வந்தாள்.

இறங்கி எழுதினோம். பானட்டின் மேல் ஐந்து அட்டை கவிழ்ந்து கிடந்தது. ஸ்டூரே தலையசைத்ததும் திருப்பினோம்.

ஃபோல்கே நான்கு. அல்வார் நான்கு. ஸ்டூரே நான்கு. கெர்ட் ஐந்து. நான் எட்டு.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஸ்டூரே பென்சிலை எடுத்து ஒரு நான்கை அடித்தான், பிறகு என் எட்டை அடித்தான். மிச்சம் நான்கு, நான்கு, ஐந்து.

"நாலு புள்ளி மூணு," என்றான். "சாதாரண ஓட்டுநருக்குத் தெளிவாகக் கேட்கும்."

"ஸ்டூரே, உனக்குக் கேட்டுதா?"

"முறைன்னா முறைதான் தாகே. நீ கொண்டுவந்த முறை."

வேலிக்கு ஓணான் சாட்சி. எனக்கு அந்த அட்டைகளைக் கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. கிழித்திருந்தால் என்ன, இன்னொரு முறை ஓட்டி அதே எண்களை எழுதியிருப்பார்கள்.

வியாழக்கிழமை என்பதால் கேன்டீனில் பட்டாணி சூப். ஸ்டூரே தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அறுபதாயிரம் காரு ரோட்டுல ஓடுது. ஒவ்வொண்ணுலயும் உன் உருண்டை தொங்குது. எட்டுன்னு எழுதி அனுப்பினா, பேரிங் சாகறத நாமளே மூடி மறைச்சோம்னு ஆகும். பேப்பர்ல யாரு பேரு வரும்னு நெனைக்கிற? உன் பேருதான்யா. உன்னக் காப்பாத்தத்தான் இத்தனையும்."

"நான் காப்பாத்தச் சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்டே. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்." சூப்பில் கடுகு விழுதைக் கலந்தான். "எஸ்கிலுக்கு என்ன, பெரிசா ஒண்ணும் ஆகாது. அபராதமோ, கொஞ்ச நாள் ஜெயிலோ. இங்க எண்ணூறு குடும்பம்."

அவன் போன பிறகு கெர்ட் வந்தாள். உட்காரவில்லை.

"என்னால அஞ்சு வரைக்குந்தான் ஏற முடிஞ்சது," என்றாள். அவள் புருஷனும் அதே தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிறவன். அவள் மேல் மட்டும் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை, அவள் ஒருத்திதான் வெட்கப்பட்டாள்.

வாரக்கடைசியில் நானே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி பொறுமையானவர். முழுவதையும் கேட்டார், உருண்டையைப் படம் போட்டுக் காட்டச் சொன்னார். கடைசியில், "இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"தங்கச்சி."

"அப்போ எஸ்கில் உங்க மச்சான்." பேனாவை மூடினார். "உங்க மனசு புரியுதுங்க. ஆனா அஞ்சு பேர் கையெழுத்துப் போட்ட அறிக்கை வந்திருக்கு. அதுல உங்க கையெழுத்தும் இருக்கே."

இருந்தது. ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் என்ற வரிசையில், மதிப்பெண் எழுதுவதற்கு முன்பே ஐந்து பேரும் போடுகிற கையெழுத்து. அதுவும் எங்கள் வழக்கம்தான். அடுத்த மாதத்திலிருந்து தொழிற்சாலையில் பினியனுக்கு வேறு கனமான பேரிங் போட ஆரம்பித்தார்கள். யாருக்கும் எதுவும் சொல்லாமல் செய்தார்கள்.

எஸ்கிலிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஏப்ரல் கடைசி சனிக்கிழமை கிளம்பினேன். கோர்ட்டில் நான் எழுந்து நின்று சொல்வேன், வேலை போனால் போகட்டும், ஸிக்ஸ்டெனையும் இழுத்து வருவேன், டாக்ஸிக்காரரைத் தேடிப் பிடிப்பேன். வழியெல்லாம் இதையே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன்.

எஸ்கில் ஏணி மேல் நின்று மழைத்தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். வாளி கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. சுவரில் ஒரு பெண்பிள்ளை சைக்கிள் சாய்ந்திருந்தது.

"அன்னேலி வந்திருக்கா மச்சான்," என்றான் மேலிருந்தே. விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் நான் ரத்த ஓட்டம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எப்போ?"

இறங்கி வந்தான். விலா வலிக்கும்போல, ஒரு கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டான்.

"உங்க ஃபேக்டரி பேப்பரோட நகல் வக்கீல்கிட்ட வந்துச்சு. அன்னைக்கி சாயங்காலமே அவளுக்கு ஒரு லெட்டர் போட்டேன். கேட்டுச்சும்மா, நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்னு எழுதினேன். மூணாம் நாள் பஸ் ஏறி வந்துட்டா. கதவத் தொறந்தா நிக்கிறா. கட்டிப்பிடிச்சு அழுதா மச்சான். இப்பவாவது நெசத்தச் சொன்னீங்களேப்பான்னு அழுதா."

"எஸ்கில், உனக்குத்தான் கேக்கவே இல்லையே."

"படிச்ச ஆளுங்க அஞ்சு பேரு கேட்டிருக்கீங்க. அப்புறம் யோசிச்சுப் பாத்தா எனக்கும் ஏதோ ஒரு 'ம்ம்ம்'னு..." நிறுத்தினான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"உனக்குக் கேட்டிருக்காது. எவனுக்கும் கேட்டிருக்காது. நான் அதுக்கு எட்டு போட்டேன். என் அட்டைய அடிச்சுட்டாங்க. மத்தவங்க எழுதினது பொய்."

"எட்டுன்னா?"

"சத்தமே இல்லேன்னு அர்த்தம். நான் அடக்கின சத்தம். நீ என்ன செஞ்சிருந்தாலும் கேட்டிருக்காது. குத்தம் என்னுது எஸ்கில்."

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே சமையலறை ஜன்னலைப் பார்த்தான். உள்ளே அன்னேலி அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள், ஹில்லெவியின் நீலக் கோப்பைகள்.

"அப்போ எனக்கு நெசமாவே கேக்கல," என்றான்.

"ஆமா."

"நல்லது. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு." ஸ்பேனரைக் கவிழ்ந்த வாளியின் மேல் வைத்தான். "கேக்கலைன்னு சொன்னேன், மூஞ்சிகூடப் பாக்காம போனா. கேட்டுச்சுன்னு சொன்னேன், திரும்பி வந்துட்டா. இதுல எத நான் வச்சுக்கட்டும்? நீயே சொல்லு மச்சான்."

"கோர்ட்டு? ஜெயிலு?"

"போடட்டும். சனிக்கெழமை சனிக்கெழமை அவ அங்க வந்து என்னப் பாப்பா." என் கையைப் பிடித்தான். "நீ சும்மா இருந்துடு. உனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அன்னேலி காபி ஊற்றினாள், ஏலக்காய் போட்ட பன்னைத் தட்டில் வைத்தாள். மெலிந்திருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது ஹில்லெவியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மூவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம், அவள் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்களும் அந்த வண்டியில போனீங்கள்ல? அறிக்கையில உங்க கையெழுத்தப் பாத்தேன்."

"போனேன்."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், அப்புறம் இதப்பத்திப் பேசவே மாட்டேன். அந்தச் சத்தம் நல்லாக் கேக்குந்தானே? அப்பா என்னை வர வைக்கறதுக்காகச் சும்மா சொல்லலையே?"

எஸ்கில் தன் காபியைக் கலக்குவதை நிறுத்தினான். கோப்பைக்குள் ஸ்பூன் அப்படியே நின்றது.

"கேக்கும்மா," என்றேன். "நல்லாவே கேக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். எட்டிக் கையை நீட்டி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து எனக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.